இடுப்புப் பகுதிக்குக் கரண்ட் சிகிச்சை: சிறுநீர்ப்பையும் குடலும் தப்புமா?

சாரல்

அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய், 2பி கட்டம். அறுவை சிகிச்சை கிடையாதாம். வெளியிலிருந்து 25 கரண்ட் (கதிர்வீச்சு), வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோ, அப்புறம் உள்ளே கருவி வைத்துத் தரும் பிராக்கிதெரபி 4 முறை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதில் எனக்கு சந்தேகம் இல்லை.

பயம் வேறு இடத்தில். இதே சிகிச்சை எடுத்த உறவுக்காரர் ஒருவருக்குச் சில வருடம் கழித்து மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. "கரண்ட் வைத்தால் குடல் வெந்துவிடும்" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். உள்ளே வைப்பது வேண்டவே வேண்டாம், அதற்குப் பதில் வெளியிலிருந்தே கொஞ்சம் கூட்டித் தரச் சொல் என்று சித்தப்பா பிடிவாதமாக இருக்கிறார்.

நல்லா இருக்கிற உறுப்புகளைக் காப்பாற்ற உண்மையில் என்ன செய்கிறார்கள்? புது மெஷின் இருக்கும் இடத்துக்கு மாற வேண்டுமா? தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள், எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடந்துவந்தவள்

சாரல், எனக்கும் அதே நோய், அதே சிகிச்சை. முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன, நன்றாக இருக்கிறேன். சிறுநீர் முன்னைவிடக் கொஞ்சம் அவசரமாக வரும், அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர்த் தாளை அலட்சியமாக விடாதே. எனக்கும் அதைச் சும்மா ஒரு சம்பிரதாயம் போலத்தான் கொடுத்தார்கள். ஒரு நாள் டெக்னீஷியன் திரையில் படத்தைக் காட்டி, "நேத்து இருந்த இடத்துல இன்னிக்குக் குடல் இல்லை பாருங்க" என்றார். அதற்கப்புறம் ஒரு நாளும் ஏமாற்றவில்லை. ஏன் எதற்கு என்று கதிர் மாதிரி ஆட்கள் வந்து சொல்வார்கள்.

கதிர்_கணக்கு

கூப்பிட்டதால் வந்துவிட்டேன். கதிர்வீச்சுத் துறையில் மருத்துவ இயற்பியலாளராக வேலை. திட்டம் போடுவதும் அளவு சரிபார்ப்பதும்தான் எங்கள் பிழைப்பு. மருத்துவ முடிவுகளை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கணக்குப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். கருப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், மேலிருந்து இறங்கிக் கிடப்பது சிறுகுடலும் பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டும். இவற்றில் கதிரை மிகவும் தாங்காதது சிறுகுடல். சிறுநீர்ப்பை நிறைந்தால் அது மேலே எழும்பி, சிறுகுடலை இடுப்புக் குழியிலிருந்து வெளியே தள்ளும். சிறுநீர்ப்பையின் மேல் பகுதியும் கதிர் விழும் பரப்பைத் தாண்டிப் போய்விடும். ஒரே வேலையில் இரண்டு உறுப்புக்குப் பாதுகாப்பு.

ஆனால் கவனிக்க வேண்டியது நிறைவைவிட ஒரே மாதிரி இருப்பதுதான். சிறுநீர்ப்பை நிறைவதும் காலியாவதும் கருப்பையின் மேல்முனையைச் சில பேரிடம் 2, 3 சென்டிமீட்டர் வரை கூட நகர்த்தும். திட்டத்துக்கான சிடி எடுத்த அன்று பை எந்த அளவில் இருந்ததோ அந்த நிலையை வைத்துத்தான் எல்லாக் கணக்கும் போட்டிருக்கிறோம். 25 நாளும் அதற்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். சிடி அன்று ஆர்வத்தில் மூச்சு முட்டக் குடித்துவிட்டு, மூன்றாவது வாரம் எரிச்சலில் பாதி கூடப் பிடிக்க முடியாமல் தவிப்பவர்கள் நிறைய. அதனால் முதல் நாளே, சௌகரியமாகத் தாங்கக்கூடிய அளவுக்குக் குடிப்பது நல்லது. பொதுவாக, முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, 300 முதல் 500 மில்லி குடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் மருத்துவமனை சொன்ன அளவு எதுவோ அதுவே உங்களுக்குச் சட்டம்.

மலக்குடல் நேர் எதிர். அது காலியாக இருக்க வேண்டும். வாயு நிறைந்து உப்பினால் கருப்பைவாயை முன்னால் தள்ளிவிடும், குறி தவறும், கூடவே மலக்குடலின் முன்சுவர் கதிருக்குள் வந்து நிற்கும்.

அடுத்தது 25 நாளாகப் பிரித்துத் தருவது. மொத்தம் 45 கிரே (கதிர் அளவின் அலகு), ஒரு நாளைக்கு 1.8. ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று பலருக்கும் எரிச்சல் வரும். ஒவ்வொரு நாள் அடிக்கும் நல்ல செல்களும் புற்று செல்களும் சேர்ந்தே காயப்படுகின்றன. இடையில் கிடைக்கும் நேரத்தில் நல்ல செல்கள் தங்களைப் பழுது பார்த்துக்கொள்கின்றன, புற்று செல்களுக்கு அந்தத் திறமை குறைவு. ஒரு நாளைய அளவு சிறிதாக இருக்கும்வரை இந்த வித்தியாசம் நமக்குச் சாதகம். பல வருடம் கழித்து வரும் குடல், சிறுநீர்ப்பைப் பாதிப்புகள் பெரிதும் இந்த அளவைப் பொறுத்தவை.

இளங்கோ77

//புது மெஷின் இருக்கும் இடத்துக்கு மாற வேண்டுமா?//

கட்டாயம் மாற வேண்டும் என்பேன். புரோட்டான் துகள்களால் தரும் கதிர்வீச்சு கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. குறித்த ஆழத்தில் நின்றுவிடும், அதைத் தாண்டி ஒன்றும் போகாது. இந்தக் காலத்திலும் பழைய மெஷினில் நாலு பக்கமும் பெட்டி மாதிரி கதிர் அடிப்பது அநியாயம். மருத்துவமனைக்காரர்கள் தங்களிடம் இருப்பதைத்தான் நல்லது என்பார்கள்.

நிலா_ஆன்கோ

கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர். இளங்கோ சொல்வதில் பாதி சரி.

நாலு பக்கப் பெட்டி முறையைவிட, கதிரை உறுப்பின் வடிவத்துக்கு வளைத்துத் தரும் ஐஎம்ஆர்டி குடலைக் கூடுதலாகக் காப்பாற்றுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அதில் முக்கியமான ஒன்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் பார்சர் ஆய்வு, 2021இல் வெளியானது. கருப்பை எடுத்த பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்ட 300 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய முப்பரிமாண முறை, இன்னொரு பிரிவுக்குப் படம் பார்த்துப் பொருத்தித் தரும் ஐஎம்ஆர்டி. மூன்று ஆண்டு முடிவில் தாமதமாக வரும், கவனிக்க வேண்டிய அளவிலான குடல் பாதிப்பு முதல் பிரிவில் 42.4 சதவீதம், ஐஎம்ஆர்டி பிரிவில் 21.1. ஏறக்குறைய பாதி. நோய் கட்டுப்பாட்டில் வித்தியாசம் இல்லை.

கருப்பை எடுத்தவர்களை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. கருப்பை இருந்த குழியில் சிறுகுடல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், சில சமயம் ஒட்டிக்கொண்டு நகரவே நகராது. ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம்.

இப்போது மறுபாதி. ஐஎம்ஆர்டியின் ஓரம் கூர்மையானது. கருப்பை நகர்ந்தால் பெட்டி முறை மன்னித்துவிடும், ஐஎம்ஆர்டி மன்னிக்காது. அதனால் மெஷின் பெயரைக் கேட்பதைவிட இவற்றைக் கேளுங்கள்: தினமும் சிகிச்சைக்கு முன் மேசையிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறீர்களா? சிறுநீர்ப்பை சரியாக இல்லையென்றால் எழுப்பிக் காத்திருக்க வைப்பீர்களா? பிராக்கிதெரபியை இங்கேயே செய்கிறீர்களா, கருவியை வைத்தபின் சிடியோ எம்ஆர்ஐயோ எடுத்துத் திட்டம் போடுகிறீர்களா? இவற்றுக்கெல்லாம் 'ஆமாம்' என்ற பதில் வரும் இடம், பளபளக்கும் மெஷினை வைத்துக்கொண்டு இதைச் செய்யாத இடத்தைவிட எவ்வளவோ மேல்.

புரோட்டான் குடலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போகும் சிறு அளவுக் கதிரைக் குறைக்கும், உண்மை. ஆனால் வயிற்றுக்குள் வாயு இடம் மாறினால்கூட அது நிற்கும் ஆழம் மாறும். கருப்பைவாய்ப் புற்றுக்கு அது இன்று வழக்கமான சிகிச்சை இல்லை. அதைத் தேடி அலைந்து சிகிச்சை தள்ளிப்போவதுதான் பெரிய நஷ்டம்.

சாரல்

நன்றி டாக்டர். உள்ளே வைப்பதைப் பற்றித்தான் வீட்டில் சண்டையே. உள்ளே வைத்தால் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் பக்கத்திலேயே கதிர் போகுமே, வெளியிலிருந்து தருவதுதானே பாதுகாப்பு என்கிறார் சித்தப்பா. கேட்கும்போது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

கதிர்_கணக்கு

நியாயமாகப் படும், ஆனால் கணக்கு தலைகீழ்.

வெளியிலிருந்து வரும் கதிர் தோலில் நுழைந்து, குடல், சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் தாண்டித்தான் கருப்பைவாய்க்குப் போக வேண்டும். உள்ளே வைக்கும்போது மூலமே கட்டிக்குள் இருக்கிறது. அதன் வீச்சு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 2 சென்டிமீட்டரில் இருப்பது 4 சென்டிமீட்டரில் கால் பங்காகிவிடும். 2இலிருந்து 3க்குத் தள்ளினாலே பாதிக்கும் கீழே வந்துவிடும். அதனால்தான் கருவியை வைத்ததும் டாக்டர் பஞ்சுத்துணியைச் சுருட்டி யோனிக்குள் இறுக்கமாக அடைக்கிறார். முன்பக்கம் அடைப்பது சிறுநீர்ப்பையையும் பின்பக்கம் அடைப்பது மலக்குடலையும் மூலத்திலிருந்து தள்ளிப் பிடிக்கிறது. பார்க்க நாட்டு வைத்தியம் போலத் தெரியும். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இவ்வளவு மலிவான, இவ்வளவு பலன் தரும் பாதுகாப்பு வேறில்லை. சில இடங்களில் மலக்குடலைத் தள்ளிப் பிடிக்கத் தகடு போன்ற தனிக் கருவியும் வைப்பார்கள்.

கூடவே இன்னொரு லாபம்: வெளிக்கதிரும் கீமோவும் அதற்குள் கட்டியை நன்றாகச் சுருக்கியிருக்கும். ஆரம்பத்தில் பெரிய பரப்புக்குத் தர வேண்டியதை இப்போது சின்ன பரப்புக்குத் தந்தால் போதும்.

எண்களில் சொல்கிறேன், சித்தப்பாவிடம் காட்டலாம். ஒரு முறைக்கு 7 கிரே வீதம் 4 முறை என்பது பல இடங்களில் வழக்கம். வெளிக்கதிர் 45ஐயும் சேர்த்து, நாளுக்கு 2 கிரே என்ற பொது அலகுக்கு மாற்றினால் கட்டிக்கு ஏறக்குறைய 84 கிரே கிடைக்கிறது. நல்ல மையங்களில் 85, 90க்கு மேலே கொண்டுபோகப் பார்ப்பார்கள். இப்போது உறுப்புகள். எம்பிரேஸ்-2 என்ற பன்னாட்டு ஆய்வு, ஒவ்வொரு உறுப்பிலும் அதிக அளவு வாங்கும் 2 சிசி (கன சென்டிமீட்டர்) திசுவுக்கு அதே அலகில் இலக்கு வைத்திருக்கிறது: சிறுநீர்ப்பை 80க்குக் கீழே, சிக்மாய்டு 70க்குக் கீழே, மலக்குடல் 65க்குக் கீழே. தாண்டவே கூடாத வரம்பு முறையே 90, 75, 75. இந்த இலக்கைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு பிராக்கியிலும் கட்டி 7 கிரே வாங்கும்போது மலக்குடலின் அந்த 2 சிசி ஏறக்குறைய 4க்குள்ளும் சிறுநீர்ப்பையின் 2 சிசி ஐந்தரைக்குள்ளும் நிற்க வேண்டும். ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியில் 7 கிரே 4 கிரேயாகக் குறைய வேண்டும். வெளியிலிருந்து இந்தச் சரிவை அப்படியே கொண்டுவர இன்றைய மெஷின்களுக்குச் சுலபமில்லை. கட்டியும் அசையும், சுற்றியிருப்பதும் அசையும். பிராக்கியில் கருவி கட்டியோடு சேர்ந்து அசைகிறது.

நிலா_ஆன்கோ

கதிர்_கணக்கு சொல்லாமல் விட்டதைச் சேர்க்கிறேன். பிராக்கியைத் தவிர்ப்பது உயிரோடு விளையாடுவது. அமெரிக்கப் பதிவேட்டுத் தரவை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், ஒத்த நிலையில் உள்ள நோயாளிகளை ஒப்பிட்டார்கள். பிராக்கி எடுத்தவர்களில் 4 ஆண்டுகளில் உயிருடன் இருந்தவர்கள் 58 சதவீதம், எடுக்காதவர்களில் 46. உறுப்புகளைக் காப்பாற்றுகிறேன் என்று இதை விட்டால் இரண்டும் கெட்டது. பிராக்கிக்குத் தகுந்த நோயாளிக்கு அதை விட்டுவிட்டு வெளிக்கதிரைக் கூட்டிக்கொண்டே போகும் திட்டம் யாராவது தந்தால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

வலியைப் பற்றி: முதுகில் ஊசியோ, மயக்கமோ, வலிமருந்தோ தருவார்கள். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். உடம்பை நெளித்தால் கருவி அசையும், ஆகவே வலி அடங்குவதும் பாதுகாப்பில் ஒரு பகுதிதான்.

அறைக்கு_வெளியே

மனைவிக்குச் சிகிச்சை நடந்தபோது வெளியே உட்கார்ந்து கற்றவை. டாக்டர்கள் நேரமில்லாமல் விட்டுவிடும் சங்கதிகள்.

கீமோ நாள் ஒரு தனிப் பிரச்சினை. சிஸ்பிளாட்டினுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக நரம்பில் நீர் ஏற்றுவார்கள். அதற்கு அப்புறம் கரண்ட் என்றால் பை பத்து நிமிடத்தில் நிறைந்து வழியும். மற்ற நாள் குடித்த அளவு அன்று பொருந்தாது. நாங்கள் கேட்டு, கீமோ நாளில் மட்டும் கரண்டை முதலில் வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, வரிசை. மெஷின் நின்றுவிடும், முன்னால் போனவருக்கு நேரமாகும். தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண் வாய் திறக்காமல் அடக்கிக்கொண்டிருப்பாள். அடக்கத் தேவையில்லை. உள்ளே இருப்பவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு, கழித்துவிட்டு, திரும்பக் குடித்துக் காத்திருக்கலாம். இதைச் சொல்ல எங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு வாரம் கூச்சம்.

செவிலி_மணி

அண்ணன் சொன்ன இரண்டும் நூற்றுக்கு நூறு. என் பங்குக்கு ஒன்று: கீமோவுக்குத் தரும் வாந்தி மாத்திரை, முக்கியமாக ஆன்டான்செட்ரான், மலச்சிக்கலைக் கொண்டுவரும். மலம் கட்டினால் மலக்குடல் உப்பி, கதிர் சொன்ன தொல்லை தொடங்கிவிடும். முதல் இரண்டு வாரம் மலச்சிக்கல், மூன்றாம் வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கு என்று அப்படியே மாறும். அப்போது உடம்பில் நீர் வற்றி, அதே தண்ணீரைக் குடித்தாலும் பை நிறையாது. ஆக, முதல் நாளைய கணக்கு கடைசி வாரம் வரை ஓடாது. மாற்றம் தெரிந்தவுடன் சொல்லுங்கள், காத்திருக்கும் நேரத்தை நாங்களே மாற்றித் தருவோம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மாதிரி மாத்திரைகளை எப்போது எவ்வளவு என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், ரத்தம், நிற்காத வயிற்றுப்போக்கு என்றால் மாத்திரையோடு நிறுத்தாமல் உடனே வர வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்துவிடும் என்று பயந்து முதல் நாளிலிருந்தே நார்ச்சத்தை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் யாராவது புகைத்தால் அதையும் சொல்கிறேன். நோயாளியே புகைப்பவராக இருந்தால் குடல் சிக்கல் வரும் வாய்ப்பு நன்றாகவே கூடும். கதிர்வீச்சுக் காலத்தில் நிறுத்துவதும் பயன்தான்.

இளங்கோ77

சரி, மெஷின் விஷயத்தில் டாக்டர் சொன்னதை ஏற்கிறேன். ஒரு கேள்வி. வயிற்றுப்போக்கு, எரிச்சல் அதிகமானால் ஒரு வாரம் இடைவெளி விட்டு உறுப்புகளை ஆறவிட்டுத் தொடரலாமே? எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்ததாகக் கேள்வி.

நிலா_ஆன்கோ

வேண்டாம். வெளிக்கதிர், பிராக்கி எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய்க் கட்டுப்பாடு அரை முதல் 1 சதவீதம் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இடைவெளியில் நல்ல செல்கள் ஆறுவது போலவே புற்று செல்களும் பெருகுகின்றன. மருந்து கொடுத்து, நீர் ஏற்றி, தேவைப்பட்டால் படுக்கையில் சேர்த்தாவது தொடரத்தான் பார்ப்போம். ரத்த அணுக்கள் மிகவும் இறங்கினால் முதலில் கீமோவைத்தான் நிறுத்தி வைப்போம், கதிரை நிறுத்துவது அரிது.

ரத்த அணுக்கள் பற்றிப் பேச்சு வந்ததால்: உடம்பில் ரத்தம் உண்டாக்கும் மஜ்ஜையின் பெரும் பங்கு இடுப்பெலும்பிலும் கீழ் முதுகெலும்பிலும் இருக்கிறது. குடலையும் சிறுநீர்ப்பையையும் மட்டும் பார்க்காமல் எலும்பையும் காக்கும்படி திட்டம் போட்டால் கீமோவை முழுதாக முடிக்கும் வாய்ப்புக் கூடலாம். ஐஎம்ஆர்டியின் இந்த லாபத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

புதிய_உறுப்பினர்_வெண்பா

மன்னிக்கவும், இடையில் வருகிறேன். எனக்கு வயது 31. அதே நோய், அடுத்த வாரம் திட்ட சிடி. இங்கே எல்லாரும் குடல், சிறுநீர்ப்பை பற்றியே பேசுகிறீர்கள். சினைப்பைக்கு என்ன ஆகும்? டாக்டரிடம் கேட்டதற்கு, "முதலில் நோயைப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

நிலா_ஆன்கோ

வெண்பா, மன்னிப்பு எதற்கு. இன்றே, சிடிக்கு முன்னால், திரும்பக் கேளுங்கள். இதற்கு நேரம் மிக முக்கியம்.

சினைப்பைதான் இடுப்பில் மிகவும் மென்மையான உறுப்பு. 2 கிரேக்கும் குறைவான கதிரே முட்டைகளில் பாதியை அழித்துவிடும். 45 கிரே போகும் இடத்தில் எந்த ஐஎம்ஆர்டியும் அதைக் காப்பாற்றாது. ஒரே வழி, நுண்துளை அறுவையில் சினைப்பையை இடுப்புக் குழியிலிருந்து எடுத்து மேலே, பக்கவாட்டில் தைத்து வைப்பது. உலோகக் கிளிப் போட்டு அடையாளம் வைப்பார்கள், சிடியில் அது தெரியும், அந்த இடத்துக்குக் கதிர் போகாமல் திட்டம் போடுவோம். எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. சிதறும் கதிராலோ ரத்த ஓட்டம் குறைந்தோ சிலருக்கு வேலை நின்றுவிடும். புற்றின் வகையும் முக்கியம். செதிள் செல் வகையில் சினைப்பைக்குப் பரவுவது அரிது, சுரப்பி வகையில் வாய்ப்புக் கூடுதல், அதனால் மருத்துவர் தயங்கலாம்.

முட்டையை எடுத்து உறைய வைப்பது இன்னொரு வழி. அதற்குச் சுமார் 2 வாரம் பிடிக்கும். ஆனால் முழுக் கதிரும் வாங்கிய கருப்பை குழந்தையைச் சுமக்காது. இதை உங்களிடம் யாராவது நேராகச் சொல்ல வேண்டும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சினைப்பை நின்றுபோனால் 31 வயதிலேயே மாதவிடாய் நிற்கும். எலும்புக்கும் இதயத்துக்கும் அது நல்லதில்லை. செதிள் செல் வகைக்கு ஹார்மோன் மாற்று சிகிச்சை எடுக்கத் தடை இல்லை. "புற்றுநோய் வந்தவர் ஹார்மோன் எடுக்கக் கூடாது" என்று பொத்தாம்பொதுவாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உங்கள் வகைக்கு என்ன என்று கேளுங்கள்.

புதிய_உறுப்பினர்_வெண்பா

நன்றி டாக்டர். நாளை காலை போகிறேன். புற்று வகை செதிள் செல் என்றுதான் அறிக்கையில் இருக்கிறது.

மாலை_வெயில்

எனக்குக் கருப்பை உட்சுவரில் வந்தது. கருப்பையை எடுத்தாகிவிட்டது. "யோனிக்குள் மட்டும் பிராக்கி, வெளிக்கதிர் தேவையில்லை" என்கிறார்கள். இந்த இழையைப் படித்தபின் எனக்குக் குறைவாகத் தருகிறார்களோ என்று சந்தேகம்.

கதிர்_கணக்கு

அது வேறு நோய், வேறு கணக்கு. போர்டெக்-2 ஆய்வு இதற்காகவே நடந்தது, 2010இல் லான்செட் இதழில் வந்தது. நோய் திரும்பும் ஆபத்து இடைநிலையில் சற்று மேலே இருந்த 427 பெண்கள். 5 ஆண்டில் யோனியில் நோய் திரும்பியது வெளிக்கதிர் பிரிவில் 1.6 சதவீதம், பிராக்கி மட்டும் எடுத்த பிரிவில் 1.8. சிகிச்சை முடியும்போது வயிற்றுக் கோளாறு வெளிக்கதிரில் 53.8, பிராக்கியில் 12.6. குடலின் பெரும் பகுதியைக் கதிரிலிருந்து விடுவித்தும் யோனியில் நோயைத் தடுக்கும் பலன் குறையவில்லை. உங்கள் ஆபத்து எந்தப் பிரிவு என்பதை மட்டும் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடந்துவந்தவள்

யாரும் எழுதாத உறுப்பு ஒன்று இருக்கிறது. யோனி. அதுவும் நல்ல உறுப்புதானே? சிகிச்சைக்குப் பின் அது சுருங்கி, ஒட்டிக்கொள்ளும். தாம்பத்தியத்துக்கு மட்டும் இல்லை, பிறகு டாக்டர் உள்ளே பார்த்துப் பரிசோதிக்கவும் முடியாமல் போகும். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கணவர் இல்லாத பெண்ணுக்கு எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

நெறியாளர்

இந்தப் பேச்சு இங்கே தாராளமாகத் தொடரலாம். கிண்டல் பதிவு இரண்டை நீக்கியிருக்கிறேன்.

செவிலி_மணி

அக்கா, எழுதியதற்கு நன்றி. டைலேட்டர் என்று வழவழப்பான குழல்கள், சின்னதிலிருந்து பெரிது வரை வரும். புண் ஆறியபின், டாக்டர் சொல்லும் நேரத்தில் தொடங்கி, வழுக்கும் ஜெல் தடவி, வாரம் 2, 3 முறை, ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 நிமிடம். வலிக்க வலிக்கத் தள்ளக் கூடாது. லேசாக ரத்தம் தீட்டுவது ஆரம்பத்தில் சகஜம், அதிகமாகப் போனால் காட்ட வேண்டும். திருமணம் ஆனவரா, வயதானவரா என்ற கேள்வியே இதில் வராது. சாரல், உன் அம்மாவுக்கும் இது உண்டு. நீ கேட்காவிட்டால் யாரும் சொல்லாமல் போகலாம், கேட்டுவிடு.

சாரல்

கேட்கிறேன் அக்கா. சித்தப்பாவிடம் கதிர் சாரின் எண்களைக் காட்டினேன். பதில் ஒன்றும் சொல்லவில்லை, அவர் அப்படி இருந்தாலே பாதி ஒத்துக்கொண்ட மாதிரி.

உறவுக்காரரின் ரத்தப்போக்குக்கு என்ன செய்வது? அவரும் இப்போது இதைப் படிக்கிறார். அடுத்த வாரம் குடல் டாக்டரிடம் எண்டோஸ்கோபி இருக்கிறது.

நிலா_ஆன்கோ

மிக முக்கியமான தகவல், அவரிடம் இன்றே சொல்லுங்கள். இடுப்புக்குக் கதிர் வாங்கியிருக்கிறேன் என்பதைக் குழாய் விடுவதற்கு முன் குடல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கதிர் பட்ட மலக்குடலின் முன்சுவரில் சதை எடுத்துச் சோதித்தால் அந்தப் புண் ஆறாமல், யோனிக்கும் மலக்குடலுக்கும் இடையே ஓட்டை விழக்கூடும். கண்ணால் பார்த்தாலே பெரும்பாலும் கதிர்ப் பாதிப்பு தெரியும், அவசியம் இல்லாமல் அங்கே கை வைக்க மாட்டார்கள். ஆனால் ரத்தம் வந்தால் கதிர்தான் காரணம் என்று விட்டுவிடவும் கூடாது, மேலே வேறு கட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும்.

லேசான ரத்தப்போக்கு பலருக்குத் தானாகக் குறையும். குறையாவிட்டால் சுக்ரால்ஃபேட் கரைசலை எனிமாவாகத் தருவது, ஆர்கான் வாயுவால் ரத்தக்குழாய்களைச் சுட்டு அடைப்பது எனச் சிகிச்சைகள் உண்டு. சிறுநீர்ப்பையின் தாமதப் பாதிப்புக்கு உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறை பலன் தருவதாக 2019இல் ஒரு நல்ல ஆய்வு வந்தது.

மறக்கப்படும் விஷயங்கள் சில. சிறுகுடலின் கடைசிப் பகுதி கதிர் வாங்கினால் பி12 உறிஞ்சப்படாமல் போகலாம், அவ்வப்போது ரத்தத்தில் பார்க்க வேண்டும். அதே பகுதியில் பித்த உப்பும் உறிஞ்சப்படாமல் போனால் வருடக்கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்காது, அதற்குத் தனி மருந்து இருக்கிறது. அப்புறம், ஒன்றிரண்டு வருடம் கழித்து இடுப்பின் பின்பக்கம் திடீரென்று வலி வந்தால் எல்லாரும் நோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று நடுங்குகிறார்கள். பல சமயம் அது கதிரால் பலவீனமான எலும்பில் விழுந்த நுண்ணிய முறிவு. எம்ஆர்ஐ எடுத்தால் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். வைட்டமின் டி, கால்சியம், எலும்பு அடர்த்தி மூன்றையும் முதலிலிருந்தே கவனித்தால் நல்லது.

அறைக்கு_வெளியே

கதிர் சார், ரொம்ப நாள் சந்தேகம். என் மனைவிக்கும் பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கும் ஒரே 7 கிரேதான் எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்குச் சீக்கிரம் முடிந்தது, இவளுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு நேரம். அதிகமாகக் கொடுத்துவிட்டார்களா?

கதிர்_கணக்கு

இல்லை. உள்ளே ஓடுவது அநேகமாக இரிடியம்-192. அதன் வலு 74 நாளில் பாதியாகும். புதிதாக மாற்றிய வாரத்தில் 6 நிமிடம் பிடிக்கும் சிகிச்சை, இரண்டரை மாதம் கழித்து 12 நிமிடம் பிடிக்கும். போகும் அளவு ஒன்றே. சில இடங்களில் கோபால்ட்-60 இருக்கும், அது பாதியாக 5 வருடத்துக்கு மேல் ஆகும், அங்கே இந்த வித்தியாசம் மாதக்கணக்கில் தெரியாது. கருவியின் வகையும் கட்டியின் அளவும்கூட நேரத்தை மாற்றும்.

சாரல், ஒன்று மட்டும். சிகிச்சை முடிந்ததும் அளவு விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வெளிக்கதிர் எத்தனை கிரே, எந்தப் பரப்பு, பிராக்கி எத்தனை முறை, சிறுநீர்ப்பை, மலக்குடல், சிக்மாய்டு மூன்றுக்கும் 2 சிசி அளவு என்ன. கேட்டால் தருவார்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் அம்மாவின் வயிற்றைத் தொடும் முன் அவர் கையில் இருக்க வேண்டிய தாள் அது.